கமராக் கட்சிகள்

டி.எஸ்.எல்.ஆர். கமரா வாங்கப்போகிறேன் என்று வீரமுனையில் ஒரே ஒருவரிடம் சொன்னால் போதும். சம்மாந்துறையிலிருந்து கல்முனை வரைக்கும் ஆலோசகர்கள் முளைத்துவிடுவார்கள். 2017இல் எனக்குச் சீட்டு விழுந்த செய்தி அவ்வளவு தூரம் போகவில்லை. அந்தக் காசுக்கு நான் கமரா எடுக்கப்போகிற செய்தி போனது.

காசுக்கு அடங்கியவை இரண்டு: கெனன் 1300டி, நிக்கோன் டி3400. இரண்டும் 2016இல் வந்தவை, இரண்டும் கறுப்பு, இரண்டோடும் 18-55 லென்ஸ். என் கண்ணுக்குத் தெரிந்த வித்தியாசம் நெற்றியில் எழுதியிருந்த பெயர் மட்டுந்தான். இதை வாய்விட்டுச் சொல்வது ஆபத்து.

நிக்கோன் கட்சிக்குத் தலைவர் என் பெரியம்மாவின் மூத்த மகன். கணக்குப் பிரிவில் வேலை என்பதால் இலக்கத்தால்தான் அடிப்பார். “தம்பி, இது 24 மெகாபிக்சல். அது வெறும் 18. இதில ஒருக்காச் சார்ஜ் போட்டா 1200 படம் எடுக்கலாம், அதில 500தான்.”

1200 படம் எடுக்க எங்கள் குடும்பத்தில் அவ்வளவு முகம் இல்லை. இருக்கிற முகங்களும் மூன்றாவது படத்தோடு சோற்றுப் பந்திக்குப் போய்விடும். மெகாபிக்சலையும் கணக்குப் பார்த்தேன். நிக்கோன் படம் குறுக்கே 6000 புள்ளி, கெனன் படம் 5184. அல்பத்தில் ஒட்டுகிற ஆறுக்கு நாலு அங்குலப் படத்துக்கு 1800 புள்ளி தாராளம். மிச்சமெல்லாம் எங்கே போகின்றன என்று கேட்டேன். “பெருசாக்கிப் பாக்கலாம்” என்றார். எங்கள் வீட்டில் பெரிசாக்கிச் சுவரில் தொங்குகிறவர்கள் எல்லாரும் காலமானவர்கள். அந்தப் பேச்சை அதோடு விட்டேன்.

கெனன் கட்சிக்குத் தலைவர் சம்மாந்துறைக் கூட்டாளி. கல்யாண வீடுகளில் படம் பிடிக்கிறவர், இலக்கம் பேசமாட்டார். “மச்சான், நிக்கோன்ல முகம் மஞ்சளடிக்கும். கெனன்ல மாப்பிள்ள செவந்துபோய் இரிப்பாரு.” ஒரே மாப்பிள்ளையை இரண்டு கமராவிலும் எடுத்த படங்களைக் காட்டினார். எனக்கு இரண்டிலும் மாப்பிள்ளை பயந்துபோயிருந்தது மட்டுமே தெரிந்தது.

குசினிக்குள் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த அம்மா வெளியே வந்தார். “எது மனே ஆக்கள வெள்ளையாக் காட்டும்?” அன்றைக்கு எழுந்த கேள்விகளில் ஊருக்கு உண்மையிலேயே தேவையானது அதுதான். இரண்டு தலைவர்களும் முதல்முறையாக ஒன்றுபட்டு, “அது போட்டோஷொப், மாமி” என்றும் “அது போட்டோஷொப், சித்தி” என்றும் பதில் சொன்னார்கள்.

இந்த ஒற்றுமையை வளர்க்கலாம் என்று நான் படித்த ஒரு சரித்திரத்தை எடுத்துவிட்டேன். 1936இல் விற்பனைக்கு வந்த ஹன்சா கெனன்தான் கெனன்காரர்களின் முதல் கமரா. அதற்கு லென்ஸ் செய்துகொடுத்தது நிப்போன் கொகாக்கு, அதாவது பின்னாளைய நிக்கோன். நிக்கோன் தன் பெயரில் கமரா விற்க 1948 ஆகிவிட்டது. ஆதியில் ஒருவர் உடல், மற்றவர் கண். இனி ஏன் சண்டை?

“பாத்தியா, மொதல் கமரா எங்கட” என்றார் கூட்டாளி.

“கண் எங்கடதானே” என்றார் அண்ணன்.

சமாதானப் பேச்சுவார்த்தை அத்தோடு முறிந்தது.

இந்த விடயத்தில் எங்கள் சிந்தாயாத்திரைப் பிள்ளையார் கொடுத்துவைத்தவர். சீர்பாததேவியின் கப்பல் எங்கே தட்டி நிற்கிறதோ அங்கே கோயில் என்று முடிவாகியிருந்ததாம். கப்பல் வீரமுனையில் நின்றது, கதை முடிந்தது. இடையில் எவரும் வந்து, அடுத்த துறையில் ஆழம் கூட என்று சொன்னதாக ஐதீகத்தில் இல்லை.

கடைசியில் விடயத்தைத் தீர்த்ததும் அவருடைய இரவுத் திருவிழாதான். தீபாராதனை வெளிச்சத்தில் 18-55 லென்ஸை 50இல் வைத்தால் வாய் 5.6க்கு மேல் திறக்காது. 50 எம்.எம். 1.8 லென்ஸ் என்றால் அதைப்போல் ஏறத்தாழப் பத்து மடங்கு வெளிச்சம் உள்ளே போகும். அண்ணனிடமும் அப்படியொன்று இருந்தது, கத்தாரிலிருந்து வந்த பழைய நிக்கோன் லென்ஸ். ஆனால் அது ஃபோகஸ் பண்ணக் கமராவுக்குள் மோட்டார் வேண்டும், டி3400க்குள் அது கிடையாது. கையால் திருகித் திருகி ஃபோகஸ் பிடிப்பதற்குள் சாமி வீதி சுற்றி இருப்புக்குப் போய்விடுவார். கெனனில் 1987 முதலே மோட்டார் லென்ஸுக்குள் இருக்கிறது. கூட்டாளியின் 50 என் 1300டியில் தானாகவே ஓடும். “திருவிழாவுக்கு எடுத்துட்டுப் போ மச்சான், நான் இரிக்கன்தானே” என்றார்.

கமரா வாங்க வருகிறவன் மெகாபிக்சல் கேட்கிறான். கேட்கவேண்டியது, பக்கத்து ஊரில் யாரிடம் என்ன லென்ஸ் இருக்கிறது, கேட்டால் தருவாரா என்பதைத்தான். கெனன் வாங்கினேன். அண்ணன் கொஞ்சநாள் முகம்கொடுத்துப் பேசவில்லை. நானும் கட்சிக்காரனாகி, கேட்டவர்களுக்கும் கேளாதவர்களுக்கும் முகம் சிவக்கிற கதையைச் சொல்லித் திரிந்தேன்.

அடுத்த வருடத் திருவிழாவுக்கு லென்ஸ் கேட்டுச் சம்மாந்துறைக்குப் போனேன். மேசையில் புதுப் பெட்டியொன்று இருந்தது. சோனி ஏ7 III.

“கெனன் சரிவராது மச்சான்” என்றார் கூட்டாளி. “முகம் செவந்து போகுது.”

“அப்ப அந்த 50?”

“வித்துட்டன்.”