இன்னும் ஒரு சின்ன வேலைதான்

70 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போனால் வரும் கொல்லிமலையில் ஒருவர் மீன்பிடிப் படகு வைத்திருக்கிறார் என்றால், கேட்பவர்கள் சொன்னவனைத்தான் ஏற இறங்கப் பார்ப்பார்கள். ஆனால் இந்த ரக மனிதர் எல்லா ஊரிலும் உண்டு. கீழே இருந்திருந்தால் பழைய புல்லட்டைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருப்பார். மலையில் இருப்பதால், மிளகு விற்ற காசில் அலுமினியப் படகு வாங்கிவிட்டார். ஊருக்கே அவர் 'படகு மாமா'.

இந்த மலையின் பாக்சைட்டை வெட்டி மேட்டூர் அலுமினிய ஆலைக்கு லாரி லாரியாக இறக்கிய காலம் ஒன்று உண்டு. "மண்ணா எறங்குனதை நான் படகா ஏத்திட்டேன் மாப்ளே" என்பது மாமாவின் பெருமை.

வாங்கியபோது அதில் மூன்று பேர் தாராளமாக உட்காரலாம். பலகை உறுத்துகிறது என்று முதலில் ஒரு சுழல் நாற்காலி வந்தது. காலடிச் சத்தத்துக்கு மீன் ஓடிவிடுமாம்; அடியில் பிளைவுட் அடித்து ரப்பர் பாய் விரித்தார். தளம் உயர்ந்ததில் ஆள் எழுந்தாலே படகு ஆடியது. ஆட்டத்தை அடக்க மணல் மூட்டை. மூட்டையின் கனத்துக்குத் துடுப்பு போதாது என்று பேட்டரி மோட்டார். பின்பக்கம் பேட்டரி வைத்ததும் மூக்கு மேலே தூக்கிக்கொண்டது. பேட்டரியை முன்னே நகர்த்தினார், வயர் பத்தவில்லை. ஒவ்வொரு வைத்தியமும் அடுத்த வியாதியைக் கையோடு கூட்டிவந்தது.

போல்ட் விஷயத்தில் மட்டும் மாமாவைக் குறை சொல்ல முடியாது. அலுமினியம் இரும்பைப் போலத் துருப்பிடிக்காதுதான். ஆனால் இரும்பு போல்ட்டோடு ஒட்டித் தண்ணீரில் கிடந்தால் அரித்துப்போவது அலுமினியம்தான். அதனால் எஸ்.எஸ். போல்ட், நடுவே ரப்பர் வாஷர். இதை அவர் வாசலுக்கு வருகிற எல்லோருக்கும், கேஸ் சிலிண்டர் போட வந்த பையனுக்கும், விளக்கியிருக்கிறார்.

அலுமினியத்தை ஒட்ட ஆர்கான் வெல்டிங் வேண்டும் என்று படகு நாமக்கல்லுக்கு இறங்கியது. லாரிக்கு பாடி கட்டுவதில் பேர்போன ஊர். அங்கே போன எதுவும் லாரி ஆகாமல் திரும்பாது. படகின் நெற்றியில் 'அன்னை துணை', பின்னால் 'சவுண்ட் ஹார்ன்', பக்கவாட்டில் இரண்டு தாமரை. மீன் ஹார்ன் அடித்துவிட்டு முந்திப் போகலாம்.

"ஏனுங்க, இந்த ஆடிக்காவது மீன் குழம்பு உண்டா?" என்பார் அத்தை.

"இன்னும் ஒரு சின்ன வேலைதான்."

அத்தை சோளக்காட்டுச் சந்தையில் கருவாடு வாங்கிக்கொள்வார். வல்வில் ஓரி ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தையும் வீழ்த்தியதாகச் சங்கப் பாட்டு சொல்லும் மலை இது. மாமா இத்தனை கருவியோடும் ஒரு ஜிலேபியைக்கூட வீழ்த்தவில்லை.

மலையில் வீழ்த்தவும் வழியில்லை. வாசலூர்பட்டி படகு இல்லம் சுற்றுலா வருகிறவர்களுக்கு. அறப்பளீஸ்வரர் கோயில் ஆற்று மீனுக்கு ஊரே பொரி போடும், தூண்டில் போடாது. அறுத்த மீன் பொருந்தி உயிரோடு ஓடியது என்பது தலத்துக் கதை. மாமாவின் குறி மேட்டூர் அணை. அங்கே வலை போட மீன்வளத் துறை உரிமம் வேண்டும். படகு முடியட்டும், விண்ணப்பிக்கலாம் என்றிருக்கிறார்.

முன்னோட்டம் பார்க்க ஒருமுறை என்னையும் மேட்டூருக்குக் கூட்டிப்போனார், படகு இல்லாமல். கரையில் ஒரு பரிசல்காரர். மூங்கில் பின்னலுக்குத் தார் பூசிய பரிசல், ஒரு துடுப்பு, ஒரு வலை, கூடை நிறையக் கெண்டை. மாமா செல்போனில் தன் படகைக் காட்டினார். அந்த அண்ணன் நிதானமாக, விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்குதுங்க. வலையை எங்க வெப்பீங்க?"

மாமா ஒரு கணம் யோசித்தார். "அதுக்குத் தனியா ஒரு பெட்டி அடிக்கணும்" என்று என்னிடம் சொன்னார். அன்றே அளவு எடுத்தாகிவிட்டது.

கொல்லிமலைக்கு வந்தால் அவசியம் வந்து படகைப் பாருங்கள், வாயாரப் பாராட்டுங்கள். அத்தை காபி கொடுப்பார். "மேலே ஒரு கூரை போட்டால் நன்றாயிருக்குமே" என்று மட்டும் தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள்.