பேயிடம் பேரம்

தனுஷ்கோடிக்குப் போகிறீர்களா? இடிந்த தேவாலயச் சுவர் முன்னால் முதுகைக் காட்டி நின்று ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். படம் சுமாராக வந்தாலும் பாதகமில்லை, லைக் வாங்கித் தருவது ஹேஷ்டேக்தான்.

வெறும் #டிராவல் என்று போட்டுவிடாதீர்கள், கடலில் கரைத்த பெருங்காயம் அது. குறிபார்த்து அடிக்க வேண்டும். #கோஸ்ட்டவுன், அதாவது பேய் நகரம். அள்ளும்! கூடவே #ஹிட்டன்ஜெம். 2017-இல் கடைக்கோடியான அரிச்சல்முனை வரை தார் ரோடு வந்த பிறகு வேன்கள் வரிசைகட்டி அந்த ரகசியத்தைக் காத்து நிற்கின்றன. அவை படத்தில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சொற்களுக்கு நடுவே இடம் விட்டால் டேக் அறுந்துவிடும். ஒட்டியே எழுதுங்கள்.

அப்புறம் ரயில் நிலையத்தின் மிச்சச் சுவர்கள். 1964 டிசம்பர் 22 நள்ளிரவில் அடித்த புயலில், பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் ரயிலைக் கடல் அப்படியே விழுங்கிய ஊர் இது. உள்ளே நூற்றுக்கும் மேற்பட்டோர். இதற்கு #வைப்ஸ் எடுப்பாக இருக்கும். #பிளெஸ்ட் போட்டவரையும் பார்த்திருக்கிறேன். எழவு வீட்டு வாசலில் நின்று பல்லிளித்தால் நாலு பேர் செருப்பைக் கழற்றுவார்கள். இங்கே நாலாயிரம் பேர் இதயம் போடுகிறார்கள்.

சரி, பேய் நகரம் என்கிறீர்களே, குடிசைக் கடையில் உங்களுக்கு மீன் வறுத்துப் போட்டது யார், பேயா? சிப்பி மாலைக்கு அரை மணி நேரம் பேசி இருபது ரூபாய் குறைத்தீர்களே, அதுவும் பேயிடம்தானா?

புயலுக்குப் பிறகு, மனிதர் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்துவிட்டது. எவ்வளவு வசதி! வாழவே கூடாத இடத்தில் வசதி கேட்க யாருக்கு வாய் வரும்? மீனவர்கள் மட்டும் போகவில்லை. அவர்கள் வீட்டுப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக மணலைத் தோண்டி, ஊறுகிற தண்ணீரை மொண்டு குடம் நிரப்பியவர்கள். அந்தக் குடம் உங்கள் ஃபிரேமில் வந்தால் வெட்டிவிடுவீர்கள்; பேய் நகரத்தில் குடத்துக்கு என்ன வேலை?

இருபுறக் கடலில் அமைதியான பக்கத்தைப் பெண்கடல் என்பார்கள் அந்த மீனவர்கள், சீறுகிற பக்கத்தை ஆண்கடல். கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். கேட்க நேரமில்லை, சூரியன் மறைவதற்குள் ரீல்ஸ் முடிக்க வேண்டும்.

அவர்களின் குடிசைகள் இருக்கும் இடத்துக்குக் கம்பிப்பாடு என்று பெயர். டேக் போட்டே தீர வேண்டுமென்றால் அதைப் போடுங்கள்.