கில்லாடியா, கத்துக்குட்டியா?

கேள்வி: பழைய போர் விமானத்தில் ஒரு கில்லாடி, புத்தம்புது விமானத்தில் ஒரு கத்துக்குட்டி. மோதினால் யார் ஜெயிப்பார்?

பதில்: எவ்வளவு தூரத்தில் மோதுகிறார்கள் என்று சொல்லுங்கள், ஜெயிப்பவரைச் சொல்லிவிடுகிறேன்! ஐம்பது, அறுபது கிலோமீட்டர் தள்ளி என்றால் புது விமானத்தின் ராடாரும் ஏவுகணையும் பார்த்துக்கொள்ளும். கில்லாடி கைவரிசையைக் காட்ட வாய்ப்பே கிடைக்காது.

கண்ணுக்கெட்டும் தூரத்தில் கதையே வேறு. வியட்நாம் போரில் அமெரிக்காவின் ஃபான்டம் விமானம் ஒலியைப்போல் இரு மடங்கு வேகத்தில் பறந்தது. எதிரே வந்த மிக்-17 ஒலி வேகத்தை எட்டவே திணறும். ஆனால் சட்டென்று வளைந்து திரும்பும். மூக்கில் மூன்று பீரங்கிகள் வேறு. ஏவுகணை இருக்கப் பீரங்கி எதற்கு என்று கடற்படை ஃபான்டமில் அதை வைக்கவே இல்லை. ஏவுகணைகளோ பெரும்பாலும் குறி தவறின.

அதனால் நெருங்கிய சண்டையைக் கற்றுத்தர, 1969-ல் கலிபோர்னியாவின் மிராமரில் கடற்படை ஒரு பள்ளி தொடங்கியது. அதுதான் டாப் கன். ஆசிரியர்கள் ஸ்கைஹாக் என்ற சின்ன விமானத்தில் ஏறி, மிக்-17 போலவே வளைந்து வளைந்து மாணவர்களைத் துரத்தினார்கள். 1972 மே 10 அன்று அங்கே பயிற்சி பெற்ற ரேண்டி கன்னிங்ஹாம், செங்குத்தாக ஏறும்போது திடீரென வேகத்தைக் குறைத்து, பின்னால் துரத்திய மிக்-17-ஐத் தனக்கு முன்னால் போகவிட்டு வீழ்த்தினார். ஓட்டியது அதே ஃபான்டம்தான், பீரங்கியும் கிடையாது!

ஆகவே, நெருங்கிய சண்டையில் என் ஓட்டு கில்லாடிக்கே.