16 மணி நேரம், இரண்டு மடி

ஃப்ரீமாண்ட், கலிஃபோர்னியா
மார்கழி மாதம்

அன்புள்ள அக்காவுக்கு,

போனில் சொன்னால் முதல் வாக்கியத்திலேயே குறுக்கே பாய்ந்துவிடுவாய். அதனால்தான் கடிதம். முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் திட்டு.

முதலில் உன் கோபத்துக்கு வருகிறேன். பயலுக்குக் காதுகுத்தைத் தையிலேயே வைத்தாக வேண்டுமா, மாசியில் அருமையான முகூர்த்தம் இருக்கிறதே என்கிறாய். நாள் குறித்தது ஜோசியர் இல்லை அக்கா, விமானக் கம்பெனி. இரண்டு வயது முடியாத பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு போகலாம். வெளிநாட்டு விமானம் என்றால் அதற்குப் பெரியவர் டிக்கெட்டில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கட்டினால் போதும். இரண்டு முடிந்த அன்று துரை ஒரு முழுப் பயணி. அவருக்குத் தனி சீட். ஊரில் இருக்கும்போது இரண்டு முடிந்தாலும் திரும்பி வருவதற்கு சீட் வாங்கியாக வேண்டும். பயல் பிறந்தது மாசியில். குலதெய்வம் ஒரு மாதம் முன்னே பின்னே பொறுத்துக்கொள்ளும், கிரெடிட் கார்டு பொறுக்காது.

டிக்கெட் மலிவுதான், மடிதான் கிராக்கி. சான் பிரான்சிஸ்கோவிலிருந்து துபாய் கிட்டத்தட்ட 16 மணி நேரம். அங்கே இறங்கிக் காத்திருந்து, சென்னைக்கு இன்னொரு 4 மணி நேரம். இத்தனைக்கும் இருப்பவை என் மடியும் உன் தம்பி பெண்டாட்டி மடியும் மட்டும். முன்வரிசைச் சுவரில் மாட்டித் தருகிற பேசினெட் என்று ஒரு தொட்டில் உண்டு. கேட்டுப் பார்த்தோம். பல விமானங்களில் பத்துப் பதினோரு கிலோவுக்கு மேல் அது தாங்காதாம். நீ வீடியோவில் மிரட்டி மிரட்டி ஊட்ட வைத்த பருப்பும் நெய்யும் வேலை செய்து, பயல் பன்னிரண்டைத் தொட்டுவிட்டான். அப்படியே தொட்டில் கிடைத்தாலும், பெல்ட் விளக்கு எரிகிற ஒவ்வொரு தடவையும் தூங்குகிற பிள்ளையைத் தூக்கி மடியில் போட்டுக்கொள்ள வேண்டும் என்பது சட்டம். தூங்கும் குழந்தையை எழுப்பச் சொல்லும் சட்டத்தைப் பிள்ளை பெறாத ஒருவர்தான் எழுதியிருப்பார்.

பாஸ்போர்ட் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் 16 வயதுக்குக் கீழே என்றால் அப்பா அம்மா இருவரும் பிள்ளையோடு நேரில் போய் நிற்க வேண்டும். பாஸ்போர்ட் 5 வருடத்துக்குச் செல்லும். வெள்ளைத் துணியில் படுக்க வைத்து எடுத்த நாலு மாதப் படம் அதில் இருக்கிறது. சென்னையில் அதிகாரி அந்த மொட்டை உருண்டையையும் இந்த ரவுடியையும் மாறி மாறிப் பார்க்கப் போகிறார்.

டாக்டரிடம் போனோம். தட்டம்மைத் தடுப்பூசியின் இரண்டாவது தவணையை இங்கே வழக்கமாக 4 முதல் 6 வயதுக்குள் போடுவார்கள். வெளிநாடு போகிற குழந்தை என்றால் முதல் ஊசிக்கு 28 நாள் கழித்து எப்போது வேண்டுமானாலும் போட்டுவிடலாம். போட்டாயிற்று. நீ சொன்ன யோசனையையும் அந்த அம்மாளிடம் கேட்டேன், அதாவது ஏறும்போது சளி மருந்து ஒரு மூடி கொடுத்தால் துபாய் வரைக்கும் தூங்குவான் என்கிற அந்த யோசனை. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். தூங்க வைப்பதற்காக மருந்து கொடுக்கக் கூடாது. தவிர, சில பிள்ளைகளுக்கு அது நேர்மாறாக வேலை செய்து ஆட்டம் போட வைக்கும் என்றார். 'எங்க அக்கா சொன்னாங்க' என்று உன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டு வந்தேன்.

காது விஷயம் ஒன்று தெரிந்துகொண்டேன். விமானம் 35,000 அடியில் பறந்தாலும், உள்ளே காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயரத்தில் இருக்கிற மாதிரி வைத்திருப்பார்களாம். அதாவது ஏறக்குறைய ஊட்டி. இறங்கும்போது ஊட்டியிலிருந்து மெரினாவுக்கு அரை மணியில் வந்துவிடுகிறோம், குட்டிக் காது அடைத்துக்கொள்கிறது. அந்த நேரத்தில் எதையாவது விழுங்கிக்கொண்டே இருந்தால் சரியாகும். ஏறும்போதைவிட இறங்கும்போதுதான் பால் பாட்டில் முக்கியம். காது குத்துவதற்காகக் காதைப் பத்திரமாகக் கொண்டு வர இவ்வளவு பாடு.

சாப்பாடு பற்றி வீட்டில் இன்னும் விவாதம் ஓயவில்லை. 2006-லிருந்து திரவம் எதுவானாலும் 100 மில்லிக்கு மேல் கையில் கொண்டு போகக் கூடாது என்பது விதி. குழந்தையின் பாலுக்கும் உணவுக்கும் விலக்கு உண்டு. தேவையான அளவு கொண்டு போகலாம், தனியாக எடுத்துக் காட்ட வேண்டும். இட்லி திடப்பொருள், பிரச்சினை இல்லை. தயிர்சாதம் குழந்தை உணவு, வாதாடலாம். ரசத்தைத்தான் கைவிட்டோம். சோதனைச் சாவடியில் மிளகு, புளி, பெருங்காயம் என்று நான் விளக்கி முடிப்பதற்குள் விமானம் கிளம்பிவிடும்.

உன் தம்பி பெண்டாட்டி மணிவாரியாக அட்டவணை போட்டிருக்கிறாள்: ஒரு மணிக்கு ஸ்டிக்கர், இரண்டு மணிக்குப் புதுப் பொம்மை, மூன்று மணிக்கு நான் அவனைத் தூக்கிக்கொண்டு கழிப்பறை வரைக்கும் நடப்பது. ஐந்து, ஏழு, பத்து என்று போகப் போக என் பெயர்தான் அதிகம் வருகிறது. போன ஞாயிறு சாப்பாட்டு நாற்காலிகளை வரிசையாகப் போட்டு ஒத்திகை வேறு. இடுப்பில் துப்பட்டாவால் பெல்ட் கட்டினோம். பத்து நிமிடத்தில் பயல் நாற்காலியோடு எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டான்.

இங்கே சிலர் அக்கம்பக்கத்து சீட்காரர்களுக்கெல்லாம் சின்னப் பையில் மிட்டாயும் காதடைப்பானும் போட்டு, 'என் குழந்தை அழுதால் மன்னியுங்கள்' என்று சீட்டும் எழுதிக் கொடுக்கிறார்கள். 2019-இல் சியோலிலிருந்து சான் பிரான்சிஸ்கோ வந்த விமானத்தில் ஒரு தாய் இருநூறுக்கும் மேற்பட்ட பைகள் கொடுத்தார் என்று செய்தியே வந்தது. நாமும் செய்யலாமா என்றாள் இவள். எனக்குப் பிடிக்கவில்லை. அழுவதற்கு முன்பே மன்னிப்புக் கேட்க அது என்ன குற்றமா? உழவன் எக்ஸ்பிரஸில் உன் மூத்தவன் தஞ்சாவூரில் வீறிட ஆரம்பித்தது ஞாபகம் இருக்கிறதா? கும்பகோணம் தாண்டுவதற்குள் பெட்டியில் பாதிப் பேர் மடியில் உட்கார்ந்துவிட்டு, கையில் யாரோ கொடுத்த முறுக்கோடு திரும்பி வந்தான். விமானத்தில் அடுத்தவர் பிள்ளையை யாரும் தொடமாட்டார்கள். தொட்டால் நாமே பயப்படுவோம். அதனால்தான் பொம்மை, அட்டவணை, ஒத்திகை எல்லாம். மடி இருந்தால் இத்தனை சாமான் எதற்கு?

கடைசியாக, நேரக் கணக்கு. தை மாதத்தில் உங்களுக்கும் எங்களுக்கும் பதின்மூன்றரை மணி வித்தியாசம். உடம்பு ஒரு நாளைக்குச் சுமார் ஒரு மணி நேரம்தான் சரிசெய்துகொள்ளுமாம். ஆகவே பயல் வந்ததிலிருந்து ஒரு வாரமாவது ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து, தெருவே கேட்கிற மாதிரி 'பந்து' என்பான். காதுகுத்தை வந்த மூன்றாம் நாளே வைக்காதே. தாய்மாமன் மடியில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போவான், போட்டோ வீணாகும்.

ஒரே ஒரு வேண்டுகோள். வேன் வைத்துக்கொண்டு பத்துப் பேர் சென்னைக்கு வர வேண்டாம், பெட்டிகளுக்கு இடம் வேண்டும். நீயும் மாமாவும் போதும். கிளம்புவதற்கு முந்தைய பகலில் நீ நன்றாகத் தூங்கிவிடு. வெளியே வந்ததும் பிள்ளையை உன் கையில் கொடுத்துவிட்டு நாங்கள் பின் சீட்டில் சாய்ந்துவிடுவோம். இளைத்துவிட்டாயே, கறுத்துவிட்டாயே என்பதையெல்லாம் தஞ்சாவூர் வந்த பிறகு சொல். அதுவரை எங்களை எழுப்பாதே.

அன்புடன்,
உன் தம்பி