ஜீவசமாதியும் ஊறுகாய்க் கரண்டியும்

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் மச்சான் ஊறுகாய்க் கரண்டியால் எங்கள் வீட்டு நண்டைத் தோண்டி எடுத்தார். இன்று வெள்ளி. எனக்கு இன்னும் ஆறவில்லை. கோபம் ஆறிய பிறகு எழுதுவதுதான் அழகு என்பார்கள். ஆறிவிட்டால் நான் எழுதவே மாட்டேன் என்பதால் இப்போதே உட்கார்ந்துவிட்டேன்.

துறவி நண்டு. சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடி வீடுகளில் பூனை வளர்க்க 2024 செப்டம்பரில்தான் அனுமதி வந்தது. அதுவரை எங்கள் புளோக்கில் பூனை வைத்திருந்தவர்கள் திரைச்சீலையை இழுத்துவிட்டு, கடத்தல் சரக்கைப் பதுக்குவது போல வளர்த்தார்கள். நிலத்தில் வாழும் துறவி நண்டோ முயலுக்கும் வெள்ளெலிக்கும் பக்கத்தில் அனுமதிப் பட்டியலில் எப்போதோ இடம் பிடித்துவிட்டது. என் மகள் நாய் கேட்டாள், மனைவி மறுத்தாள். பூனை கேட்டாள், சட்டம் மறுத்தது. நண்டு கேட்டாள், மறுக்க ஆள் மிச்சமில்லை. அவள் வைத்த பெயர் மோச்சி. நான் கூப்பிடுவது சாமியார்.

துறவி என்று இதற்குப் பெயர் வைத்தவர் யாரோ, கூர்ந்து பார்த்து வைக்கவில்லை. இது எதையும் துறப்பதில்லை. செத்துப்போன நத்தையின் ஓட்டைத் தேடிப்பிடித்துக் குடியேறும். உடம்பு பெருத்தால் அதைவிடப் பெரிய ஓடு வேண்டும். கடற்கரையில் நல்லதாக ஒரு காலி ஓடு ஒதுங்கினால் பெரியது முதல் சிறியது வரை நண்டுகள் வரிசை கட்டி நிற்பதுண்டு. முதல் நண்டு புது ஓட்டுக்குள் போன கையோடு அது விட்டதில் இரண்டாவது, இரண்டாவது விட்டதில் மூன்றாவது என்று கண் மூடித் திறப்பதற்குள் தெருவே வீடு மாறிவிடும். மூன்றறையிலிருந்து நான்கறைக்கும் நான்கறையிலிருந்து ஐந்தறைக்கும் போகக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும் எங்கள் புளோக் ஆட்களைச் சந்நியாசி என்று சொல்லிப் பாருங்கள், அடிக்க வருவார்கள்.

ஆனாலும் சாமியார் என்ற பெயர் ஒரு விஷயத்தில் பொருந்தும். ஜீவசமாதி. நண்டின் மேலோடு உடம்போடு சேர்ந்து வளராது. வளர வேண்டுமானால் பாம்பு போலச் சட்டையை உரித்தாக வேண்டும். பாம்புக்குச் சட்டை வெறும் சட்டை. நண்டுக்கு அதுவே எலும்பு, அதுவே கவசம். உரித்த பிறகு கொஞ்ச நாளைக்கு உடம்பு வெண்ணெய். எறும்பு கடித்தாலும் திருப்பி அடிக்க முடியாது. ஆகவே மண்ணுக்குள் இறங்கி, ஓர் அறை குடைந்து, அங்கேயே சட்டையைக் கழற்றி, அங்கேயே படுத்து, கழற்றியதையே கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று, அதிலிருக்கும் சுண்ணாம்புச் சத்தை உடம்பில் திரும்ப ஏற்றி, இறுகிய பிறகுதான் மேலே வரும். முன்பு ஒடிந்துபோன கால் இருந்தால் அதுவும் முளைத்து வரும். காயகல்பம் தேடி மலைமலையாக அலைந்த சித்தர்கள் கடற்கரைப் பக்கம் ஒரு நடை வந்திருக்கலாம். சின்ன நண்டு ஒரு மாதம், ஒன்றரை மாதம் உள்ளே இருக்கும். பெரியதானால் இரண்டு மூன்று மாதம்கூட ஆகும். ‘நண்டு கொழுத்தால் வளையில் தங்காது’ என்பது வயல் நண்டைப் பார்த்துச் சொன்னது. எங்கள் நண்டு கொழுத்தால்தான் வளைக்குள் போகும். இறங்குவதற்கு முன் நன்றாகத் தின்று கொழுப்பும் தண்ணீரும் சேர்த்து வைத்துக்கொள்ளும்.

இந்தச் சமாதிக் காலத்தில் நண்டைப் பிழைக்க வைப்பதற்கு ஒரே ஒரு முக்கியமான விஷயம் உண்டு. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. சொல்கிறேன். அதற்கு முன்னால் மண்.

5 பங்கு மணலுக்கு 1 பங்கு தேங்காய் நார்த்தூள். தண்ணீர் தெளித்துப் பிசைந்தால் புட்டு மாவுப் பதம். பிடித்தால் பிடியாக நிற்க வேண்டும், தட்டினால் உதிர வேண்டும். ஆழம் 6 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. ஒரு கிண்ணத்தில் நல்ல தண்ணீர், இன்னொன்றில் உப்புத் தண்ணீர், இரண்டிலும் குளோரின் போக்கியிருக்க வேண்டும். சமையல் உப்பு ஆகாது. கடல்மீன் தொட்டிக்காரர்கள் வாங்கும் உப்புதான். தின்பதற்கு மற்றதோடு கணவாய் ஓடும் முட்டை ஓட்டுப் பொடியும். காற்றில் ஈரம் 80 விழுக்காடு. சிங்கப்பூரில் ஈரத்துக்கு என்ன பஞ்சம், என் பனியனைப் பிழிந்தே அளந்துவிடலாம். ஏர்கான் போட்டால்தான் வம்பு. கரையில் வாழ்ந்தாலும் இது செவுளால் மூச்சு விடும் ஜீவன். செவுள் காய்ந்தால் அதற்கு மூச்சு முட்டும். ஏர்கானை நிறுத்தினால் என் மனைவிக்கு மூச்சு முட்டும். ஆகவே நண்டு கூடத்தில், மனைவி அறையில், நான் நடுவில் கதவைச் சாத்திக்கொண்டே வாழ்க்கை போகிறது.

இது எதையும் விற்ற கடையில் சொல்லவில்லை. கால்பந்து படம் வரைந்த சாய ஓட்டுக்குள் நண்டு, அடியில் ஓர் அங்குலம் நீலக் கூழாங்கல், “ரொம்ப ஈஸி, ஒண்ணும் செய்ய வேணாம்” என்று ஒரு சிரிப்பு. கூழாங்கல்லுக்குள் எந்தச் சாமியார் சமாதி ஆக முடியும்?

சரி, ஞாயிற்றுக்கிழமை. சாமியார் இறங்கி 23ஆவது நாள். மச்சான் சாப்பிட வந்திருந்தார். சமையலறையில் நாசி லெமாக்குக்கு நெத்திலி சம்பல் வதங்கிக்கொண்டிருந்தது. நான் அறையில் கண்ணயர்ந்திருந்தேன். மச்சான் கூடத்தில் நின்று மூக்கை உறிஞ்சியிருக்கிறார். தொட்டியைப் பார்த்திருக்கிறார். உள்ளே ஆளைக் காணோம். செத்த நண்டு அழுகின மீன் வாடை அடிக்கும் என்று போன தீபாவளிக்கு நானே அவரிடம் சொல்லித் தொலைத்திருந்தேன். இரண்டையும் கூட்டி நாலு என்று முடிவு செய்துவிட்டார்.

நான் எழுந்து வந்தபோது கரண்டி நுனியில் ஒரு கொத்துக் காலும் ஒரு கொடுக்கும். “பார்த்தீங்களா மாமா, வெறும் கூடுதான் இருக்கு. செத்துருச்சு.” அது சட்டை. சட்டைக்குச் சொந்தக்காரர் கீழே குழியில் வெளிறிப்போய்க் கிடந்தார். குளியலறைக் கதவை உடைத்து, கொக்கியில் தொங்கும் சட்டையைப் பார்த்து, “ஐயோ, ஆள் போயிட்டாரே” என்று அழுவது போல. அதுவாவது துக்கம். இவர் அடுத்த நிமிடமே எட்டிப் பார்த்து, “இதைத்தானே சாஃப்ட் ஷெல்னு மிளகு போட்டு வறுத்துத் தர்றாங்க?” என்கிறார். கடை நண்டு வேறு வகை என்றாலும் விஷயம் சரிதான். சட்டை உரித்த கையோடு பிடித்ததுதான் அது. சரியாக இருப்பதால்தான் எனக்கு இன்னும் எரிகிறது.

கத்தினேன். அதற்கு அவர் சொன்ன பதில்: “சும்மா பார்க்கத்தானே செஞ்சேன்?”

சும்மா பார்க்க. தூங்குகிற ஆளைத் தட்டி எழுப்பி “தூங்குறியா?” என்று நாம் கேட்பதும் சும்மா பார்க்கத்தான். அவர் பதறி எழுந்து, “இல்ல, சும்மா படுத்திருந்தேன்” என்று பொய் சொல்ல வேண்டும், அதுதான் மரியாதை. உறை ஊற்றிய பாலை நான்கு தடவை சாய்த்துப் பார்த்துவிட்டு, தயிர் நீர்த்துப்போனதற்குப் பால்காரனைத் திட்டுவோம். இட்லிக் கொப்பரையை இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை திறந்து, “இன்னும் வேகலையே” என்று வியப்போம். தொடக்கப்பள்ளியில் ஈரப்பஞ்சில் பச்சைப்பயறு முளைக்க வைக்கும் பாடத்தில் வகுப்பிலேயே முளைக்காத பயறு என்னுடையதுதான். காலையில் ஒரு தடவை, பள்ளி விட்டு வந்து ஒரு தடவை எடுத்துப் புரட்டினேன். மூன்றாம் நாள் தோலை உரித்தே பார்த்தேன். முளை இருந்தது. அதன் பிறகு இல்லை.

அப்பாவுக்கு அறுவை சிகிச்சை நடந்த மறுநாளை நினைத்தால் இப்போதும் பல்லைக் கடிக்கிறேன். பார்க்க வந்த ஒவ்வொருவரும் அவர் காலைப் பிடித்து ஆட்டி, “அண்ணே, என்னைத் தெரியுதா?” என்றார்கள். மயக்கம் தெளியாத மனிதருக்கு வாய்மொழித் தேர்வு. “தெரியுது” என்றால் விடுவார்களா? “அப்ப பேரைச் சொல்லுங்க.” பேரைச் சொன்னால் துணைக்கேள்வி: “கூட வந்திருக்கிறது யாருன்னு சொல்லுங்க?” கூட வந்திருப்பவரை அப்பா ஆயுளில் பார்த்ததே இல்லை. மருமகளின் தம்பியாம். எட்டுப் பேருக்கு அப்பா பொறுமையாகப் பதில் சொல்லித் தேறினார். ஒன்பதாவதாகக் குனிந்தவர் அப்பாவிடம் வாங்கிய கடனைத் திருப்பித் தராதவர். “என்னைத் தெரியுதாண்ணே?” அப்பா கண்ணை நன்றாகத் திறந்து, மேலும் கீழும் பார்த்து, “தெரியல” என்றார். அவர் வெளியே வந்து அம்மாவிடம், “அண்ணி, மூளைக்கு ஏறிருச்சு” என்று குலுங்கினார். அப்பா அதன் பிறகு 11 வருடம் திடமாக இருந்தார். அவரை மட்டும் காணவில்லை. “உண்மையிலேயே தெரியலையாப்பா?” என்று கேட்டேன். “தெரிஞ்சதாலதான் சொன்னேன்” என்றார்.

கல்யாணமாகி மூன்று மாதம் ஆகாத பெண்ணிடம் “விசேஷம் ஏதும் உண்டா?” என்று கேட்பதும் கரண்டிதான். மின்தூக்கிப் பொத்தானில் விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே மறுபடி அழுத்துகிறோமே, அது. செய்தி அனுப்பி, நீலக் குறி விழுந்ததையும் பார்த்துவிட்டு, “மெசேஜ் பார்த்தீங்களா?” என்று போன் போடுகிறோமே, அது. நாவல் எழுதுகிறவனிடம் “என்ன, முடிச்சாச்சா?” என்பது எல்லாவற்றிலும் பெரிய கரண்டி, அகப்பை. என் நாவல் ஆறு வருடமாக மண்ணுக்கடியில் இருக்கிறது. ஒவ்வொரு பொங்கலுக்கும் யாராவது ஒருத்தர் தோண்டி எடுத்து, மெத்தென்று இருக்கும் பாகத்தை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, “என்ன சார், இன்னும் இறுகலையே” என்கிறார். யார் என்று சொல்ல மாட்டேன். மச்சான்.

எங்கே விட்டேன்? நண்டு.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிடுவது நல்லது. இந்தச் சாமியார் எங்கள் வீட்டில் இரண்டாவது. முதலாவது, இரண்டு வருடத்துக்கு முன்பு, படித்துப் படித்துப் பதம் பார்த்து நான் நிரப்பிய மண்ணில் அழகாக இறங்கியது. பன்னிரண்டாம் நாள் ராத்திரி, வீடு தூங்கிய பிறகு, நான் சும்மா பார்த்தேன். இரண்டு நாள் கழித்து வந்த வாடை சம்பல் வாடை இல்லை. “தானாப் போயிடுச்சும்மா” என்று மகளிடம் சொன்னேன். அவள் தமிழ்க் கட்டுரை படிக்க மாட்டாள் என்ற தைரியத்தில்தான் இங்கே எழுதுகிறேன். அந்தத் தைரியம் ஒரு தகப்பனுக்குப் பெருமை இல்லை என்பதும் தெரியும். சரியாக விட்டுவைத்தால் 30 வருடம்கூட வாழக்கூடிய பிராணி. தொட்டியில் குஞ்சு பொரித்துப் பெருகுகிற ஜாதியும் இல்லை. கடைக்கு வருவது ஏறக்குறைய எல்லாமே ஏதோ ஒரு கடற்கரையில் பிடித்தது. அங்கே ஓட்டுக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்ததைத் தூக்கிவந்து, கால்பந்துக்குள் அடைத்து, பன்னிரண்டாம் நாள் நான் தோண்டினேன். அன்று எடுத்ததும் இதே ஊறுகாய்க் கரண்டிதான். மச்சானிடம் நான் இன்னும் கொஞ்சம் மெதுவாகக் கத்தியிருக்கலாம்.

இப்போது சாமியார் தனி டப்பாவில் இருக்கிறார். ஈர மண்ணில் விரலால் ஒரு குழி செய்து, தூக்கிப் பிடிக்காமல் மண்ணோடு வாரி இறக்கி, பக்கத்திலேயே பழைய சட்டையையும் வைத்து, மேலே கறுப்புத் துணி போர்த்தியிருக்கிறேன். அந்தத் துணியும் ஒரு காலத்தில் என் சட்டைதான். ஞாயிறு ராத்திரி ஒரு கால் அசைந்தது. திங்கள் காலை பார்க்கவில்லை. திங்கள் மாலை துணியின் ஓரத்தை மட்டும் தூக்கினேன், ஈரம் சரியாக இருக்கிறதா என்று. செவ்வாய்க்கிழமை டார்ச். புதன்கிழமை விடிகாலை மூன்று மணிக்கு மகள் எழுந்து வந்து, “அப்பா, வாட் ஆர் யூ டூயிங்?” என்றாள். சும்மா என்றேன்.

இனி அந்த முக்கியமான விஷயம். நண்டு சட்டை உரிக்கும் காலத்தில் வளர்ப்பவர் செய்ய வேண்டியது

மன்னிக்கவும், வாட்ஸப். மச்சான். “மாமா, கீழ புளோக்லதான் இருக்கேன். எப்படி இருக்குன்னு சும்மா பாத்துட்டுப் போயிடறேன்.” மின்தூக்கி பதினோராம் மாடிக்கு வர ஒரு நிமிடம்கூட ஆகாது. வீட்டில் பெரிசும் சிறிசுமாக 27 கரண்டி. எல்லாவற்றையும் அள்ளி வாஷிங் மெஷினுக்குள் போட்டுக் கதவை மூடிவிட்டேன். முள்கரண்டிகள் நினைவுக்கு வந்தபோது மணி அடித்துவிட்டது.