கடலூர்த் தரகருக்கு ஒரு பாராட்டுரை

கடலூரிலும் சிதம்பரத்திலும் வீடு தேடி அலைந்தவர்கள் வீட்டுத் தரகர்களைத் திட்டுவதே வழக்கமாகிவிட்டது. நன்றிகெட்ட உலகம். பருவம் அறிந்து தொழில் செய்வதில் அவர்களை மிஞ்ச ஆளுண்டா? தை பிறந்தால் வீடு காட்டத் தொடங்குவார்கள். ஆவணி வரை போன் ஓயாது. ஐப்பசியில் முதல் மழை விழுந்ததும் உறவுக்காரர் அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் கல்யாணம் வந்துவிடும். "மழை விடட்டும் சார், நானே கூப்பிடுறேன்." வீடு பார்க்க வருகிறவர் நனையக் கூடாது என்ற கரிசனம். வாங்கிய பிறகு நனைந்துகொள்ளலாம்.

அவர்களுடைய சரித்திர ஞானமும் சாதாரணமானதல்ல. 2004 டிசம்பர் 26 சுனாமியா? அது மீனவர் குப்பங்களோடு நின்றுவிட்டது. 2011 டிசம்பர் 30 தானே புயலா? பக்கத்துத் தெரு ஓடுகள்தான் பறந்தன. 2015 நவம்பர் வெள்ளத்தைத் திருப்பாதிரிப்புலியூரில் விசாரித்தால், தண்ணீர் மஞ்சக்குப்பத்தில் நின்றதாம். மஞ்சக்குப்பத்தில் கேட்டால் முதுநகரில். முதுநகரில் கேட்டால் திருப்பாதிரிப்புலியூரில். 2024 டிசம்பரில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறந்துவிட, தென்பெண்ணை கரை மீறி வந்ததே, அப்போதும்கூட வெள்ளம் தரகர் விற்கும் வீட்டின் தெருமுனை வரை வந்து, யார் வீடு என்று விசாரித்துக்கொண்டு, மரியாதையாகத் திரும்பிப் போயிருக்கிறது.

வீட்டுக்காரர்களின் கலையுணர்வைத் தனியாகச் சொல்ல வேண்டும். நான் பார்த்த ஒரு வீட்டில், சுவரின் கீழ் மூன்றடிக்கு மட்டும் புதுப் பெயின்ட். மேலே பழைய சந்தன நிறம், கீழே புதுச் சந்தன நிறம். பிளக் பாயின்ட் எல்லாம் நெஞ்சுயரத்தில். தண்ணீர் மோட்டார் ஆளுயர மேடை மேல் உட்கார்ந்திருந்தது. "ஏன் இவ்வளவு உயரம்?" என்றேன். "குழந்தைங்க கை வைக்கக் கூடாதுல்ல சார்" என்றார் வீட்டுக்காரர். அந்த வீட்டில் குழந்தையே இல்லை. ஊரார் குழந்தைகள் மீதும் அத்தனை அக்கறை.

தெருவிலிருந்து வீட்டுக்குள் மூன்று படி இறங்கினேன். கட்டும்போது ஏறிப்போன வீடுதான். சாலைக்கு மேல் சாலை போட்டுப் போட்டு, தெரு வளர்ந்துவிட்டது. பழைய தாரைச் சுரண்டி எடுத்த பிறகே புதுச் சாலை போட வேண்டும் என்று 2021-ல் தலைமைச் செயலாளர் இறையன்பு உத்தரவு போட்டார். அருமையான உத்தரவு. அதன் மேலும் ஒரு அடுக்கு தார் ஊற்றிவிட்டார்கள் என்று நினைக்கிறேன். தரகர் மட்டும் குறை காணவில்லை: "இறங்கிப்போற வீடு வெயிலுக்குச் சில்லுனு இருக்கும் சார்."

சிப்காட் பக்கம் போனால் இன்னும் அழகு. 2009-ல் மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் எடுத்த கணக்கில், நாட்டிலேயே மிகக் கடுமையாக மாசுபட்ட 43 தொழிற்பகுதிகளில் கடலூரும் இடம்பிடித்தது. அந்தப் பெருமையைத் தரகர் வெளியே சொல்லிக்கொள்வதே இல்லை. அடக்கம். காற்று திரும்பிய நேரம் பார்த்து அழைத்துப் போவார்.

சிதம்பரத்தில் இதெல்லாம் பக்தியோடு நடக்கும். வாடகை வீட்டுச் சுவரில், ஆணி அடிக்கவே இடமில்லாத மூலையில், நடராசர் காலண்டர் தொங்கும். அதைத் தூக்கிப் பார்ப்பவன் நாத்திகன். பின்னால் இருக்கும் விரிசல் அவன் கண்ணுக்கு மட்டுமே தெரியும். "தண்ணி எப்படி?" என்றால், "இருபத்துநாலு மணி நேரமும் வரும்." குடிக்கலாம் என்று யாரும் சொல்லவில்லையே. குழாயில் வெள்ளையாகப் பூத்திருக்கும் உப்பு இலவசம். வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் முன்பணம் மூன்று மாத வாடகைதான் என்ற தமிழ்நாட்டுச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. சென்னையிலிருந்து கிளம்பி இப்போதுதான் பரங்கிப்பேட்டையை நெருங்குகிறது போலும். அதுவரை பத்து மாதம்.

சொந்தமாக வாங்குகிறவர்களுக்குப் பத்திர சுத்தம் ஒரு வரம். வில்லங்கச் சான்று எடுத்துப் பார்த்தால் பளிங்குபோல இருக்கும். அதில் பதிவான பத்திரங்கள் மட்டும்தானே வரும்? பங்கு பிரியாத தம்பி அதில் வரமாட்டார். அவர் மாடியில் குடியிருப்பார். "அவரு சும்மா தங்கியிருக்காரு சார், சாவி கொடுக்கும்போது கிளம்பிடுவாரு." 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 55-ஆம் பிரிவில், வாங்குகிறவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தும் கண்டுபிடிக்க முடியாத குறை விற்பவருக்குத் தெரிந்திருந்தால், அதை அவர் சொல்லியாக வேண்டும் என்கிறது. நம்மூர் விற்பனையாளர்கள் ஒன்றும் சொல்வதில்லை. நம்மால் கண்டுபிடிக்க முடியாத குறை என்று ஒன்று இருக்கும் என்பதையே அவர்கள் நம்ப மறுக்கிறார்கள். நம் அறிவின் மேல் அவ்வளவு மதிப்பு!

ஆகவே, வீடு தேடும் அன்பர்களே, இப்படிப்பட்டவர்களைச் சந்தேகித்துப் பாவம் தேடிக்கொள்ளாதீர்கள். தெருமுனை டீக்கடையில் விசாரிக்கவே வேண்டாம். அங்கே இருப்பவர்கள் வாய்த்துடுக்குக்காரர்கள், எந்த வருஷம் எதுவரை தண்ணீர் நின்றது என்று சுவரிலேயே கைவைத்துக் காட்டிவிடுவார்கள். கார்த்திகை அடைமழையில் சொல்லாமல் கொள்ளாமல் அந்தத் தெருப்பக்கம் போய் நிற்காதீர்கள். தரகர் மனசு கஷ்டப்படும்.