தாண்டினால் வேலை

நாமக்கல்லில் ஒரு முட்டைகூட அநாதையாகப் பிறப்பதில்லை. கோழி இடுவதற்கு முன்பே அதன் விலையை முட்டை ஒருங்கிணைப்புக் குழு முடிவு செய்து, மறுநாள் நாளிதழில் போட்டுவிடும். சத்துணவுக் கூடத்துக்கு எத்தனை, கேரளத்துக்கு எத்தனை, கப்பலேறி வளைகுடாவுக்கு எத்தனை என்று கணக்கு இருக்கிறது. சேலத்துக் குச்சிக்கிழங்குக்கும் அதே மரியாதை. பிடுங்கினால் ஆலை, ஆலையிலிருந்து ஜவ்வரிசி, ஜவ்வரிசிக்கு 1981லேயே தொடங்கிய சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம், அங்கே ஏலம். திருச்செங்கோட்டு ரிக் வண்டி எந்த மாநிலத்து எந்தக் காட்டில் துளை போட்டுக்கொண்டிருக்கிறது என்று கேளுங்கள், முதலாளி திண்ணையில் உட்கார்ந்தபடியே சொல்வார்.

இவ்வளவு கெட்டிக்காரச் சீமையில் ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் யாரிடமும் பதில் இல்லை. அறிவுசார் குறைபாடுள்ள ஒரு பையனுக்கு நேற்றோடு பதினெட்டு முடிந்தது. நாளைக் காலை ஒன்பது மணிக்கு அவன் எங்கே போக வேண்டும்?

கட்டிலுக்குப் போகலாம். டி.வி. முன்னால் போகலாம். அம்மா பால் கறக்கப் போனால் பின்னாலேயே போகலாம். திட்டம் என்று பார்த்தால் இவ்வளவுதான். இதற்கு நிதி ஒதுக்கீடு தேவையில்லை, அம்மா ஒருத்தி இருந்தால் போதும்.

பள்ளிக்கூடத்துக்குப் பஞ்சமான ஊர் என்று யாரும் சொல்லிவிட முடியாது. மாநிலத்துக்கே ‘பிராய்லர் பள்ளி’யை அறிமுகப்படுத்திய மண் இது. விடியற்காலை மணியடித்து எழுப்பி, இரவு வரை கூண்டில் வைத்து, மார்க்கைத் தீனியாகப் போட்டுப் பிள்ளைகளை வளர்த்த ஊர். 2017இல் அரசு ரேங்க் பட்டியலையே நிறுத்தும் வரை, மாநில முதலிடம் இங்கே பக்கத்துத் தோட்டத்தில் காய்ப்பதுபோல் காய்த்தது. அந்தக் காலத்தில் அந்த வகைப் பள்ளியின் வாசலில் மூளை முடக்குவாதம் உள்ள மகளைக் கூட்டிக்கொண்டு போய் நிற்பது எப்படி இருக்கும் என்று கற்பனை செய்து பாருங்கள். “ரிசல்ட் போயிரும்ங்க” என்பார்கள், அதுவும் மரியாதையாக. இந்தப் பக்கத்து ஆட்கள் வாசலை அடைக்கும்போதுகூட ‘ங்க’ போட்டுத்தான் அடைப்பார்கள்.

ஆகவே அவள் அரசுப் பள்ளிக்கு வருகிறாள். அரசுப் பள்ளி சேர்த்துக்கொள்ளும். அதற்கு நன்றி, உண்மையாகவே. எட்டாம் வகுப்பு வரை ஆல் பாஸ். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தபடியே ஒவ்வொரு வருடமும் ஒரு வகுப்பு ஏறுவாள், ஏறுகிறோம் என்று அவளுக்குத் தெரியாமலே. வட்டார வள மையத்திலிருந்து சிறப்புப் பயிற்றுநர் வருவார். தொகுப்பூதியத்தில் பல பள்ளிகளுக்கு ஓடுகிற அந்த மனுஷியைக் குறை சொன்னால் வாய் வேகும். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் இப்படி ஒரு பிள்ளைக்கு வருடத்துக்கு 3,500 ரூபாய் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். நாளைக்குப் பத்து ரூபாய்கூட வராது. ஒரு முட்டை வாங்கிவிட்டுக் கையை உதறிக்கொள்ளலாம். அந்தத் திட்டத்திலும் 2024-25இல் தமிழ்நாட்டுக்கு வரவேண்டிய 2,152 கோடி ரூபாயை, புதிய கல்விக் கொள்கையின் பி.எம். ஸ்ரீ ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லை என்று டெல்லி நிறுத்தி வைத்தது. மும்மொழியா இருமொழியா என்று இரண்டு அரசுகளும் மல்லுக்கட்டின. வாய் திறந்து ஒரு மொழியும் பேசாத பிள்ளையின் பயிற்சிக்கு வரவேண்டிய பணமும் அந்த மல்லுக்கட்டில் மாட்டிக்கொண்டது.

சரி, பதினெட்டுக்கு வருவோம். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் நல்ல சட்டம். 7 வகைக் குறைபாடுகளை 21 ஆக்கியது. 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி என்று உரிமை கொடுத்தது. பதினெட்டு முடிந்த மறுநாளைக்குத் தொழிற்பயிற்சி, சுயதொழில், கடன் என்று ஒரு பிரிவில் பொதுவாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டது. அமெரிக்கச் சட்டத்தில், பிள்ளைக்குப் பதினாறு ஆவதற்குள் பள்ளிக்குப் பிறகு என்ன படிப்பு, என்ன வேலை, தேவைப்பட்டால் சுயமாக வாழ என்ன பழக்கம் என்று பள்ளியே உட்கார்ந்து எழுதித் திட்டம் போட்டாக வேண்டும். அமெரிக்காவைத் தலையில் தூக்கி வைக்கச் சொல்லவில்லை. இவர்களுக்குக் குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுக்கலாம் என்று 1938லேயே எழுதி வைத்த யோக்கியர்கள்தான் அவர்களும். நாமும் சளைக்கவில்லை. 1948ஆம் ஆண்டுக் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தில், ஊனமுற்ற தொழிலாளிக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று அரசு உத்தரவு போடலாம் என ஒரு பிரிவை வைத்திருந்தோம். சுதந்திரம் வாங்கி எட்டு மாதம்கூட ஆகவில்லை அப்போது. அதற்குள் இது ஞாபகம் வந்திருக்கிறது.

நம் பையனுக்குப் பதினெட்டில் அரசு செய்கிற முதல் காரியம், மறுபடி சோதிப்பது. அறிவுசார் குறைபாட்டுச் சான்றிதழை 5 வயதில், 10 வயதில், 18 வயதில் புதுப்பிக்க வேண்டும் என்பது விதி. பிறந்ததிலிருந்து இருக்கிற குறைபாடு, வாக்குரிமை வந்த அன்று ஓடிப்போயிருக்குமோ என்று ஒரு சந்தேகம். முகாமுக்குப் போ, டோக்கன் வாங்கு, டாக்டர் வரும்வரை உட்கார். நாற்பது சதவீதத்துக்குக் கீழே வந்தால் சலுகை இல்லை. மேலே வந்தால் சலுகைக்கு விண்ணப்பிக்கலாம்.

இன்னொரு காரியமும் அன்றே நடக்கிறது. பதினெட்டு ஆனதும் பெற்றவர்கள் சட்டப்படி காப்பாளர் இல்லை. 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் மனு கொடுத்து, சொந்த மகனுக்குச் சொந்த அம்மாவே காப்பாளர் என்று உத்தரவு வாங்கி வர வேண்டும். பாதுகாப்புக்காக வந்த ஏற்பாடு, தேவையானதும்கூட. ஆனால் அதை யார் அவளிடம் முன்கூட்டிச் சொன்னார்கள்? பள்ளியா? வங்கி கவுன்டரில்தான் அவளுக்குத் தெரிய வருகிறது. “பையன் கையெழுத்துப் போடுவானாம்மா?” “போடமாட்டானுங்க சார்.” “அப்ப கார்டியன் ஆர்டர் இருக்கா?” “நான் அவன் அம்மாங்க சார்.” “அது சரிம்மா, ஆர்டர் இருக்கா?”

இப்போது, வெற்றிக் கதை. சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு. ஐந்து வயதில் பள்ளிக்குப் போகும் வழியில் பஸ் ஏறி வலது கால் நசுங்கியது. காய்கறி விற்றும் கூலிக்குப் போயும் அம்மா வளர்த்தார். 2016 செப்டம்பரில் ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் உயரம் தாண்டித் தங்கம். டோக்கியோவில் வெள்ளி. பாரிஸில் வெண்கலம். பத்மஸ்ரீ, கேல் ரத்னா. மாநில அரசு 2 கோடி ரூபாய் கொடுத்தது. 2021இல் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனத்தில் துணை மேலாளர் வேலையும் கொடுத்தது. அவருக்குக் கொடுத்ததில் ஒரு பைசாவும் அதிகமில்லை. அந்தக் காலுக்கும் அந்தத் தாய்க்கும் இன்னும் கொடுக்கலாம்.

என் ஆத்திரம் அவருடைய போஸ்டரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர்கள்மேல். அன்றிலிருந்து இந்தப் பக்கத்தில் எந்த மேடையில் ஏறினாலும், சட்டை மடிப்புக் கலையாத ஒருவர் மைக்கைப் பிடித்து, “மாரியப்பனைப் பாருங்கள், மனமிருந்தால் மார்க்கமுண்டு” என்கிறார். கீழே உட்கார்ந்திருக்கிற பையன்களுக்கும் பெண்களுக்கும் அது இப்படித்தான் காதில் விழுகிறது:

‘வேலைவாய்ப்பு அறிவிப்பு. சேலம், நாமக்கல் மாவட்ட மாற்றுத்திறனாளி இளைஞர்கள் விண்ணப்பிக்கலாம். கல்வித் தகுதி: முக்கியமில்லை. உடல் தகுதி: ஒரே காலில் 1.89 மீட்டர் உயரம் தாண்ட வேண்டும். 1.88 தாண்டுகிறவர்கள் அடுத்த பாராலிம்பிக் வரை காத்திருக்கவும். தாண்டும் இடம்: பிரேசில் அல்லது அரசு தெரிவு செய்யும் வேறு நாடு. பயணச் செலவு விண்ணப்பதாரரைச் சேர்ந்தது. தாண்டிய பின் விமான நிலையத்தில் சால்வை போர்த்தப்படும். தாண்ட முடியாதவர்களுக்குத் தையல் மெஷின்.’

தையல் மெஷினைச் சும்மா சேர்க்கவில்லை. கையால் முடிந்தவருக்கு மோட்டார் தையல் மெஷின், முடியாத பிள்ளைக்குப் பதில் அவன் அம்மாவுக்கு மோட்டார் தையல் மெஷின் என்பது அரசின் நலத்திட்டம். இதோடு மெழுகுவத்தி, பேப்பர் கவர், சாம்பிராணி, பினாயில். மின்சாரம் வந்த நாட்டில் இவ்வளவு மெழுகுவத்தி எதற்கு என்று எந்தத் தொழிற்பயிற்சிக் கூடமும் யோசித்ததாகத் தெரியவில்லை. வருடத்துக்கு ஒருநாள் விற்பனை: மாற்றுத்திறனாளிகள் தினமான டிசம்பர் 3, ஆட்சியர் அலுவலக வளாகம், பந்தலுக்கு இடதுபுறம். வந்த அதிகாரி ஒரு பாக்கெட் சாம்பிராணி வாங்குவார், மீதிச் சில்லறை வேண்டாம் என்பார், போட்டோ எடுப்பார்கள். கோழிப்பண்ணையில் முட்டை அடுக்கும் தட்டு, லாரிப் பட்டறையில் பெயின்ட், விசைத்தறிக்கூடத்தில் நூல் சுற்றுவது, ஜவ்வரிசி ஆலையில் மூட்டை எண்ணுவது என்று ஊர் முழுக்க வேலை கிடக்கிறதே. ஒரு பயிற்றுநர் பக்கத்திலேயே மூன்று மாதம் நின்று சொல்லிக்கொடுத்தால், ‘இவனால முடியாது’ என்று ஊர் சொன்ன எத்தனை பேர் செய்துகாட்டுவார்கள்! ஆனால் பண்ணைக்கு நடந்துபோய் முதலாளியிடம் பேசுவதை விட மெழுகு உருக்குவது சுலபம். மெழுகு திருப்பிப் பேசாது.

அரசு வேலையில் 4 சதவீதம் இடஒதுக்கீடு இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. அதில் ஒரு சதவீதத்தைப் புற உலகச் சிந்தனையற்றோர், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு எல்லோரும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4க்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். நம் பையனோ சிறப்புப் பள்ளியில் பதினைந்து வருடம் படித்துவிட்டு ‘நன்னடத்தை’ என்று ஒரு சான்றிதழோடு வந்திருக்கிறான். நாற்காலி போட்டு அவன் பெயரையும் எழுதிவிட்டு, அறை வாசலை அவன் நுழைய முடியாத அளவுக்குக் கட்டியிருக்கிறார்கள். தனியார் நிறுவனங்களுக்கு? ஆட்களில் 5 சதவீதமாவது இவர்களாக இருக்கும்படி ஊக்கச் சலுகை கொடுக்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டுச் சட்டம் அரசைக் கேட்டுக்கொள்கிறது, அரசின் பொருளாதார வசதிக்கு உட்பட்டு. வட்டிக்காரர்கூட இவ்வளவு நாசூக்காகக் கேட்கமாட்டார்.

அதே சட்டத்தில் தண்டனைப் பிரிவுகளும் இருக்கின்றன. மாற்றுத்திறனாளிகளுக்கான இந்தச் சட்டத்தை முதல்முறை மீறினால் 10,000 ரூபாய் வரை அபராதம். மாற்றுத்திறனாளி என்று பொய் சொல்லிச் சலுகை வாங்கினால் இரண்டு வருடம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். சலுகையைத் திருடினால் ஜெயில், உரிமையைத் திருடினால் ரசீது.

வேலை இல்லையென்றால் உதவித்தொகை. தமிழ்நாட்டில் கடும் பாதிப்புள்ளவருக்கு மாதம் 2,000 ரூபாய், வருவாய்த்துறை ஓய்வூதியம் என்றால் 1,500. எல்லை தாண்டினால் ஆந்திரத்தில் 2024இலிருந்து 6,000. குப்பத்திலிருந்து கிருஷ்ணகிரிக்கு வரும் வழியில் மாதம் நாலாயிரம் ரூபாய் எங்கே கொட்டிப்போகிறது என்று கேட்டுத்தான், ஊன்றுகோலோடும் சக்கர நாற்காலியோடும் சாலையில் உட்கார்ந்தார்கள் அனைத்து வகை மாற்றுத்திறனாளிகள் சங்கத்தார். கைது செய்து மண்டபத்தில் வைத்தார்கள். போலீஸ் வேனில் ஏறுவதற்கு மட்டும் உடனே தூக்கிவிட ஆள் கிடைத்துவிடுகிறது. தினமும் டவுன் பஸ் படியில் ஏறப் படாதபாடு படும்போது இலவச பாஸ் கையில் இருந்தும் அந்த ஆளைக் காணோம்.

வீட்டில் அம்மாவுக்கு வயதாகிறது. இவள் வாயில் ஒரே கேள்வி: “எனக்கப்புறம் இவன யாருங்க பாப்பாங்க?” இந்தக் கேள்விக்கு நம் மாநிலம் ஏற்கெனவே ஒருமுறை பதில் சொல்லியிருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6, ஏர்வாடி. குடும்பங்கள் கொண்டுவந்து விட்ட மனநோயாளிகள், கூரைக் கொட்டகையில் சங்கிலியில். தீப்பிடித்தபோது சங்கிலியை அவிழ்க்க நேரமில்லை. 28 பேர். அதற்குப் பிறகு விதிகள் வந்தன, உரிமம் வந்தது, ஆய்வு வந்தது. பகலில் போய்வர வீட்டுக்குப் பக்கத்தில் ஓர் இடம், மாலையில் திரும்பிவரச் சொந்த வீடு, கையில் சொந்தச் சம்பளம் என்கிற எளிய ஏற்பாடு மட்டும் இன்னும் வந்தபாடில்லை. உலக வங்கிக் கடன் உதவியோடு 1,700 கோடிக்கு மேல் ‘உரிமைகள்’ திட்டம் நடக்கிறது, ‘விழுதுகள்’ மையங்கள் திறக்கிறார்கள். சிகிச்சைக்கு அவை நல்லவை, ஒப்புக்கொள்கிறேன். பதினெட்டு வயதுக்காரனுக்கு இன்னும் எத்தனை வருடம் பந்து உருட்டச் சொல்லிப் பயிற்சி கொடுப்பீர்கள்? அவனுக்கு மீசை வந்துவிட்டது.

ஆள் யார், எங்கே இருக்கிறான் என்று தெரியவில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். பள்ளிக்கல்வித் துறையின் எமிஸ் தகவல் தளத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் எண் இருக்கிறது; குறைபாட்டு வகையும் அதில் பதிவாகிறது. பிளஸ் டூ முடித்துக் கல்லூரியில் சேராத பிள்ளைகளைத் தேடிப்பிடித்துச் சேர்க்க ‘உயர்வுக்குப் படி’ என்று முகாமே நடத்துகிற அரசு இது. வரும் மே மாதத்தோடு பதினெட்டைத் தொடுகிற சிறப்புக் குழந்தைகள் ஊர்வாரியாக யார் யார் என்று ஒரு பட்டியல் எடுக்க, கணினி தெரிந்த ஒரு ஊழியருக்கு ஒரு மத்தியானம் போதும். 2025இல் சட்டம் திருத்தி ஊராட்சிகளில் மாற்றுத்திறனாளி நியமன உறுப்பினர்களுக்கு இடம் போட்டிருக்கிறீர்களே, அந்தப் பட்டியலை முதலில் அவர்கள் கையில் கொடுங்கள். கிராமசபையில் எழுந்து நின்று, பெயரைச் சொல்லி, ‘இந்தப் பிள்ளைக்கு ஜூன் மாதம் எங்கே வேலை, யார் பயிற்சி, என்ன சம்பளம்?’ என்று கேட்கட்டும். பதில் இல்லையென்றால் தீர்மானப் புத்தகத்தில் ‘பதில் இல்லை’ என்றே எழுதி, மேடையிலிருக்கிற அதிகாரியிடம் கையெழுத்து வாங்கட்டும். அவருக்குக் கையெழுத்துப் போட வரும்.